டெலீட் விசை அழிப்பது முழு எழுத்தையா, பாதி எழுத்தையா?

ஆசிரியர்களே, மாணவர்களே, முதலில் ஒரு சின்னச் சோதனை செஞ்சு பாருங்க. ‘பகுதி’ என்று தட்டச்சு செய்யுங்க. ‘கு’வுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் விசையை ஒரே ஒரு தடவை அழுத்துங்க. பெரும்பாலான மென்பொருள்களில் ‘பதி’ என்று நிற்கும். ஆனால் ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியின் பழைய பதிப்பில் ‘புதி’ என்று வந்து நிற்கும்!

காரணம் இதுதான். யூனிகோடில் ‘கு’ என்பது ஒரு குறியீடு அல்ல. ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. பழைய டெலீட் ஒரு குறியீட்டை மட்டுமே அழித்தது. ‘க’ போனதும் அநாதையான உகரக் குறி பக்கத்தில் இருந்த ‘ப’வோடு ஒட்டிக்கொண்டது. (நாம் வகுப்பில் மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்கிறோம். கணினிக்கோ ‘க’ ஒற்றைக் குறியீடு, ‘க்’ இரட்டைக் குறியீடு. இலக்கணம் தலைகீழ்!)

குனு ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. நம் கோலாலம்பூரில் முத்து நெடுமாறனின் முரசு பிறந்ததும் அதே ஆண்டுதான். ஈமாக்ஸில் ஒவ்வொரு விசைக்குப் பின்னாலும் ஒரு கட்டளை உண்டு. எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்பதை நாமே மாற்றலாம். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் நடப்பதுதான் இயல்பு நடத்தை. 2023 ஜூலையில் வந்த 29.1 பதிப்பில் டெலீட்டின் இயல்பு நடத்தையை மாற்றினார்கள். இப்போது ‘கு’, ‘கொ’ எல்லாம் ஒரே அழுத்தில் முழுசாகப் போகும்.

நல்லதுதானே, இதில் என்ன தகராறு என்று கேட்பீர்கள்.

கிள்ளானில் ஓர் ஆசிரியரிடம் தேர்வு வினாத் தொகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ‘வி. ’ என்று தொடங்குகிறது. அதை நீக்க அவர் நான்கு டெலீட்டுகளை மேக்ரோவாகப் பதிந்து வைத்திருக்கிறார்: வகரம், இகரக் குறி, புள்ளி, இடைவெளி. புதிய பதிப்பில் மூன்றே போதும். நான்காவது டெலீட் சும்மா இருக்குமா? வினாவின் முதல் எழுத்தை விழுங்கிவிடும். ‘எது சரி?’ என்பது ‘து சரி?’ ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நூறு வரியில் ஓட்டிவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பினால் மாணவர் கதி என்ன?

எஸ்.பி.எம்.முக்குக் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. புதியவருக்கு அமைப்பை எங்கே மாற்றுவது என்றே தெரியாது. இயல்பு எப்படியோ அப்படியேதான் பயன்படுத்துவார். பழகியவரால் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதிப் பழையபடி ஆக்கிக்கொள்ள முடியும். அதனால் இயல்பு நடத்தை புதியவர் பக்கம் சாய்வதே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் மாற்றம் நடந்தது தெரிந்தால்தானே பழகியவர் அந்த ஒரு வரியை எழுதுவார்? அவர் கை பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஈமாக்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. பேக்ஸ்பேஸ் இன்னும் ஒவ்வொரு குறியீடாகவே அழிக்கிறது. அது எனக்குச் சரியாகவே படுகிறது. ‘கு’ என்று அடித்தவுடன் குறில் தவறு, நெடில் வேண்டும் என்று தெரிந்தால், குறியை மட்டும் எடுத்தால் போதுமே, ‘க’வை ஏன் இழக்க வேண்டும்? கன்ட்ரோல்-டி விசைக்குரிய கட்டளையையும் தொடவில்லை. பழைய டெலீட்தான் வேண்டும் என்பவர்கள் அந்தக் கட்டளையை டெலீட் விசைக்குக் கொடுத்துவிடலாம்.

பழைய மேக்ரோ வைத்திருப்பவர்கள் பதிப்பை மாற்றியதும் முழுக் கோப்பில் ஓட்டாதீங்க. நகல் எடுத்து, ஐந்து வரியில் ஓட்டிப் பாருங்க. ‘கொ’, ‘பூ’ போன்ற எழுத்துகள் அந்த ஐந்து வரியில் கட்டாயம் இருக்கட்டும். ‘அ’, ‘ம’ மட்டும் உள்ள வரிகளில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.