சாட்சியம் சொல்பவருக்காகக் காத்திருக்கும் ஒலி

யுத்த காலத்தைப் பற்றிய காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. ஊர் இளைஞர்களே கைப்பேசியில் பதிவுசெய்து, மடிக்கணினியில் தொகுத்து வெளியிடுகிறார்கள். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அவற்றுள் பலவற்றின் பின்னணியில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செல்லடிச் சத்தமும் ஹெலிச் சத்தமும் திடீரென்று விழும் மேள அடியும்தான் கேட்கின்றன. அந்தச் சத்தங்களுக்குள் வாழ்ந்தவர்களே அந்தக் காணொளிகளின் முதல் பார்வையாளர்கள் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

தோப்பூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மூத்தவர்களின் நினைவுகளை நான் பதிவுசெய்து வருகிறேன். 2006இல் மாவிலாற்றை ஒட்டித் தொடங்கிய சண்டையில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழ் மக்கள் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் போனார்கள். தமிழரோ முஸ்லிமோ, அந்த நாட்களைச் சொல்லும்போது இடையிடையே பேச்சு நின்றுவிடும். எப்போது மீண்டும் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படியான பேச்சுக்குப் பின்னணி ஒலி தேவையா என்பதே முதற் கேள்வி. பல இடங்களில் தேவையில்லை. தேவைப்படும் இடத்தில் அதைப் பயமுறுத்தாத விதமாகச் செய்யலாம். அதற்கு மென்பொருள் சிந்தசைசரில் உள்ள 'சுழலும் என்வலப்' உதவும்.

கடித உறைக்குச் சொல்லும் அதே சொல்தான் என்வலப். ஒலியில் அது, ஒரு சத்தம் எப்படி எழுந்து, எப்படி நின்று, எப்படி அடங்குகிறது என்பதைக் காட்டும் கோடு. 1965இல் விளாடிமிர் உசச்செவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ரொபர்ட் மூக் இதற்கான மின்சுற்றைச் செய்தார். இன்று பெரும்பாலான சிந்தசைசர்களில் இருக்கும் நான்கு நிலைகள் அதிலிருந்து வந்தவை: அட்டாக் (எழும் நேரம்), டிகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்), சஸ்டெயின் (நிற்கும் அளவு), ரிலீஸ் (விரலை எடுத்த பின் அடங்கும் நேரம்).

எங்களுக்கு முக்கியமானது அட்டாக். வெடிச்சத்தம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் உச்சத்தைத் தொடும். திடீரென எழும் உரத்த சத்தத்துக்கு உடல் திடுக்கிடுவது எல்லோருக்கும் பொது. யுத்தத்தைக் கடந்தவர்களில் பலருக்கு அந்தத் திடுக்கிடல் இன்னும் கூடுதலாக இருக்கும். மனவடு பற்றிய மருத்துவ வரையறைகளிலேயே அது ஓர் அறிகுறி. மேளத்தின் ஒலிப்பதிவு வெடிச்சத்தம் அல்ல, ஆனால் அதன் அட்டாக்கும் அதே வகைதான். ஆகவே முதல் விதி: அட்டாக் மில்லிசெக்கன்களில் அல்ல, செக்கன்களில் இருக்க வேண்டும்.

சாதாரண என்வலப் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும். சுழலும் என்வலப்பில் கோட்டின் நடுப்பகுதி, விரல் அழுத்தியிருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். விரலை எடுத்ததும் சுழற்சியை விட்டு வெளியேறி, வால்பகுதியை முடித்து அடங்கும். முன்கூட்டியே நீளம் வெட்டப்பட்ட பாட்டுத் துண்டில் இது நடக்காது. அங்கே பாட்டு முடியும் இடத்துக்கு ஏற்பப் பேச்சை வெட்டுகிறார்கள். இங்கே பேசுபவர் முடிக்கும்வரை ஒலி காத்திருக்கும்.

இதை 'சேர்ஜ் எக்ஸ்.ரி' என்ற மென்பொருளில் செய்யலாம். இலவசமானது, திறந்த மூலக்குறியீடு கொண்டது, விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கொட்டியாரக் குடாவின் மெதுவான அலையை எடுத்துக்காட்டாக வைப்போம்.

1. மிக்சர் பகுதியில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, நொய்ஸை மட்டும் விடுங்கள். மழை பெய்வது போல ஓர் இரைச்சல் கேட்கும்.

2. முதலாவது ஃபில்டரில் லோ பாஸ் வகையைத் தெரிவுசெய்து 200 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். பேச்சின் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவும் ஒலிகள் பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அந்த இடம் பேசுபவருக்கு விடப்படுகிறது.

3. முதலாவது எல்.எஃப்.ஓவின் வகையை எம்.எஸ்.ஈ.ஜி என்று மாற்றி, அதன் வரைபடத்தைத் திறந்து, சுழற்சி முறையை 'கேட்' ஆக்குங்கள். இதுதான் விரலை எடுக்கும்வரை சுழலும் முறை.

4. கோட்டை மூன்று பகுதியாக வரையுங்கள். முதலில் 4 செக்கனில் மெல்ல எழும் தொடக்கம். பிறகு 3 செக்கன் ஏறி 4 செக்கன் இறங்கும் அலை; சுழற்சியின் இரண்டு எல்லைக் குறிகளும் இதன் இரு பக்கமும் நிற்க வேண்டும். கடைசியாக 5 செக்கனில் அடங்கும் வால். சுழற்சி தொடங்கும் உயரமும் முடியும் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி சடாரென்று தாவும்.

5. இந்தக் கோட்டை நொய்ஸின் அளவுடன் இணையுங்கள்.

6. இரண்டாவது எல்.எஃப்.ஓவில் இதே மாதிரி, ஆனால் 11 செக்கன் சுழற்சியுள்ள கோட்டை வரைந்து ஃபில்டருடன் இணையுங்கள். உச்சத்தில் 800 ஹேர்ட்ஸைத் தாண்டவேண்டாம்.

7 செக்கன் சுழற்சியும் 11 செக்கன் சுழற்சியும் 77 செக்கனுக்கு ஒரு தடவைதான் ஒன்றாகத் தொடங்கும். அதனால் எந்த இரண்டு அலையும் அடுத்தடுத்து ஒரே மாதிரி வராது, காதும் சலிக்காது.

ஒரு விடயம் கவனிக்கவும். ஒலி முழுவதையும் ஆளும் 'அம்ப்' என்வலப்பின் ரிலீஸ், நீங்கள் வரைந்த வாலை விட நீளமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் விரலை எடுத்ததும் ஒலி பட்டென்று அறுந்துவிடும்.

தொகுக்கும்போது, பேசுபவர் மௌனமாகும் இடத்தில் விரலை எடுத்துவிடுங்கள். அலை அடங்கட்டும், மௌனம் மௌனமாகவே கேட்கட்டும். அவர் மீண்டும் பேசத் தொடங்கிய பிறகு வேண்டுமானால் மறுபடி அழுத்தலாம். பின்னணி ஒலி பேச்சை விடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்வாக இருப்பது நல்லது.

அலைச்சத்தம் எல்லோருக்கும் ஆறுதல் தராது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மூதூர்க் கரையையும் தாக்கியது. கடலில் உறவுகளை இழந்தவரின் பேச்சுக்குப் பின்னால் அலையை வைப்பது, செல்லடிச் சத்தத்தை வைப்பதற்குச் சமம். ஆகவே அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், இதே கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, வேகத்தையும் தாழ்த்தினால், அல்லைக்குளத்து நீர் பாயும் வயலின் மேல் வீசும் காற்றைப் போல ஒன்று கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம்.

ஒலி சேர்க்காத மூலப் பதிவைத் தனியாக, பிரதியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். ஒருவர் சொன்னது நாளை விசாரணை ஒன்றில் சாட்சியமாகலாம்; அதில் எங்கள் கை பட்டிருக்கக்கூடாது. வெளியிடும் காணொளியின் முடிவில், பின்னணி ஒலி கணினியில் உருவாக்கப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். வெளியிடுவதற்கு முன் பேசியவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுங்கள்.