ஜப்பானைக் கேட்கும் கார்

மட்டக்களப்பில் ஓடும் டொயோட்டா அக்வாக்களில் பலவற்றை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ‘ஈ.டி.சி. அட்டை போடப்படவில்லை’ என்பதுதான் அந்தக் குரல் சொல்லும் செய்தி. ஜப்பானின் அதிவேக வீதிகளில் கட்டணச் சாவடியைக் கடக்கும்போது, காரிலுள்ள கருவி ரேடியோ அலை வழியாகவே பணத்தைக் கட்டிவிடும். அதற்குரிய அட்டையைத்தான் கேட்கிறது. கல்லடிப் பாலத்திலும் சாவடி இல்லை, மண்முனைப் பாலத்திலும் இல்லை. குரல் மட்டும் நிற்பதில்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலமெல்லாம், அதற்கு முன் வந்த அக்வா, வேகன் ஆர், வெசல், பிரியஸ் ஆகியவையே கைமாறிக் கைமாறி ஓடின. திறப்பின் பொத்தான் தேய்ந்துவிட்டது, பற்றரி மூன்றாவதோ நான்காவதோ. ஜப்பானிய மொழிக் கையேடு மட்டும் பிரித்துப் பாராமல் அப்படியே இருக்கிறது. இந்தக் கார்களில் வரும் தொல்லைகளில் பாதி பழுதே அல்ல, கார் எதற்காகக் காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாததுதான் என்பது என் எண்ணம்.

வானொலியைப் பாருங்கள். நம் நாட்டில் எப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பானில் முன்பு அது 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிட்டது. 90 முதல் 108 வரையுள்ள இடத்தை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்து வைத்திருந்தன. 2011இல் பழைய முறைத் தொலைக்காட்சியை நிறுத்தத் தொடங்கிய பிறகுதான் வானொலிக்கு 95 வரை இடம் கிடைத்தது. ஆகவே சற்றுப் பழைய காரின் வானொலி 90உடன் நின்றுவிடும், புதியது 95உடன். அதற்கு மேலே பாடிக்கொண்டிருக்கும் எந்த நிலையமும் அதன் காதில் விழாது.

இதற்குக் கடைகளில் ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சின்னப் பெட்டி விற்கிறார்கள். அன்டனா வயருக்கும் வானொலிக்கும் நடுவில் அதைப் பொருத்தவேண்டும். உள்ளே ஒரு மின்சுற்று தானாக ஓர் அலையை உண்டாக்குகிறது. இரண்டு அலைகளைக் கலந்தால் அவற்றின் வித்தியாசத்துக்குச் சமமான மூன்றாவது அலை பிறக்கும். பெட்டியின் அலை 16 மெகாஹெர்ட்ஸ் என்றால், 104இல் வரும் நிலையம் 88இல் பேசும். நூறு வருடத்துக்கு முன்பே, 1918 வாக்கில், எட்வின் ஆம்ஸ்ட்ரோங் வானொலிப் பெட்டிக்குள் புகுத்திய உத்தி இது. எப்.எம். ஒலிபரப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஆனால் கணக்கு உதைக்கும் இடம் ஒன்று உண்டு. 90உடன் நிற்கும் வானொலியின் அகலம் 14 மெகாஹெர்ட்ஸ், நம் ஒலிபரப்பின் அகலம் 20. 16ஐக் கழிக்கும் பெட்டியால் 92 முதல் 106 வரைதான் கொண்டுவர முடியும். ஓரத்தில் நிற்கும் நிலையம் ஏதாவது விடுபடத்தான் செய்யும். வேறு எண்ணைக் கழிக்கும் பெட்டியை வாங்கினால் அந்த நிலையம் வரும், இன்னொன்று போகும்.

பற்றரியைக் கழற்றி மாட்டியதும் முழுச் செட்டும் ஊமையாகி, திரையில் ஜப்பானிய எழுத்துகள் நிற்பது இன்னொரு தொல்லை. திருட்டுக்கு எதிரான பூட்டு அது. வரைபட அட்டையையோ ஓர் இரகசிய எண்ணையோ கேட்கும். பற்றரி மாற்றும்போது இன்னொரு பற்றரியிலிருந்து இணைப்புக் கொடுத்து, செட்டுக்குப் போகும் மின்சாரம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் இந்த வில்லங்கமே வராது.

இனித் திறப்பு. சட்டைப் பையில் திறப்பு இருக்க, கைபிடியைத் தொட்டதும் கதவு திறப்பதில் இரண்டு வேறு அலைகள் வேலை செய்கின்றன. முதலில் கார் பேசுகிறது: ஏறத்தாழ 125 முதல் 134 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலை. இதை அலை என்பதைவிடத் துடிக்கும் காந்தப்புலம் என்பது பொருத்தம். தூரம் இரண்டு மடங்கானால் அதன் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும், அதனால் ஒரு மீற்றருக்கு அப்பால் அநேகமாக எதுவும் மிஞ்சாது. அந்தப் புலத்தில் வரும் கேள்வியைத் திறப்பு கேட்டு, இரகசியக் கணக்கொன்றைப் போட்டு, விடையை உயர்ந்த அலையில் திருப்பி அனுப்பும். ஜப்பானியத் திறப்புகளில் இது 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பியத் திறப்புகளில் பெரும்பாலும் 433. அதனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பழைய திறப்பை எங்கோ வாங்கி வந்து பதியச் சொன்னால் கார் திரும்பியும் பார்க்காது.

கேள்வி காதில் விழுந்தால் திறப்பு பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் முடிவு கட்டுகிறது. இந்த முடிவில் ஓட்டை இருப்பதை சூரிச் நகரின் ஈ.டி.எச். ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். காரருகே ஓர் அன்டனா, திறப்பின் சொந்தக்காரர் அருகே இன்னொன்று. கேள்வியை இங்கிருந்து அங்கே கடத்தினால் போதும், இரகசியக் கணக்கை உடைக்கவே தேவையில்லை. 8 நிறுவனங்களின் 10 மாதிரிகளில் சோதித்தார்கள், பத்தும் திறந்தன. புதிய கார்கள் சில இப்போது விடை வர எடுக்கும் நேரத்தை அளக்கின்றன. ஒளி ஒரு நனோ விநாடியில் 30 சென்ரிமீற்றர்தான் போகும், அதை ஏமாற்றுவது லேசல்ல. நம் பழைய கார்களில் அந்த வசதி கிடையாது. இரவில் திறப்பை ஒரு தகர டப்பாவுக்குள் மூடி வைப்பது மலிவான மாற்று.

உப்புநீருக்கும் ரேடியோவுக்கும் ஆகாது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை வாவி நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்பார்கள். ஒலி நீருக்குள் விநாடிக்கு 1500 மீற்றர் போகக்கூடியது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். திறப்பின் 315 மெகாஹெர்ட்ஸ் அலையோ கடல்நீருக்குள் சில சென்ரிமீற்றரில் செத்துவிடும். நம் உடம்பும் பெரும்பாலும் உப்புநீர்தான், அதனால் திறப்பு உடம்புக்கு மறுபக்கம் இருந்தால் விடை தடுமாறும். வேடிக்கை என்னவென்றால், தூர நின்று பொத்தானை அழுத்தும்போது திறப்பை நாடியில் ஒட்டி வைத்துக்கொண்டால் கூடுதல் தூரம் எட்டும். அப்போது தலையிலுள்ள நீரும் அன்டனாவோடு சேர்ந்து அசைகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

வாவிக்குள் திறப்போடு இறங்கிவிட்டால், வெயிலில் காயவைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை உள்ளேயிருக்கும் காசு அளவுப் பற்றரியைக் கழற்றுவது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், பற்றரி இருக்கும்வரை செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே இருக்கும். கழற்றிய பின் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தவேண்டும்.

திறப்பின் பற்றரி முற்றாகச் செத்தாலும் காரை எடுக்கலாம், இது பலருக்குத் தெரியாது. திறப்புக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பை இழுத்து எடுத்துக் கதவைத் திறக்கவேண்டும். பிரேக்கை மிதித்தபடி, திறப்பின் சின்னமுள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டினால், டொயோட்டாவில் ஒரு சத்தம் கேட்கும். சில விநாடிகளுக்குள் பொத்தானை அழுத்தினால் சரி. பொத்தான் பக்கமுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலம் திறப்பிலுள்ள சில்லுக்குத் தேவையான மின்சாரத்தை ஊட்டிவிடுகிறது. 1831இல் பரடே கண்ட மின்தூண்டல், அவ்வளவுதான். மற்ற நிறுவனங்களில் திறப்பின் எந்த முனையைத் தொடவேண்டும் என்பது மட்டும் மாறும்.

பொத்தானைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். பிரேக்கை மிதிக்காமல் ஒருமுறை அழுத்தினால் வானொலி மட்டும் பாடும், எஞ்சின் வராது. கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ அப்படியே பாட்டுக் கேட்டபடி இருந்தால் சின்ன 12 வோல்ட் பற்றரி கரைந்துவிடும். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி, அக்வாவில் 144 வோல்ட், ‘ரெடி’ விளக்கு எரிந்தால்தான் சின்னதற்குச் சார்ஜ் கொடுக்கும். மற்றது, ஓடும் காரை அவசரமாக அணைப்பது. 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே, கால்விரிப்பில் சிக்கிய அக்ஸிலரேற்றரோடு ஒரு லெக்சஸ் பாய்ந்து நால்வர் இறந்தார்கள். ஓடும்போது பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் அணையும் என்ற ஏற்பாடு அதன்பின் பெரிய விவாதமானது. ஒருமுறை தட்டிப் பார்த்துப் பயனில்லை, அழுத்திப் பிடிக்கவேண்டும்.

12 வோல்ட் பற்றரி இறங்கினால் ஹைபிரிட் கார் கட்டையாகிவிடும். அக்வாவிலும் பிரியஸிலும் எஞ்சினைச் சுழற்றுவது அந்தப் பற்றரி அல்ல. கணினிகளை எழுப்புவதும் பெரிய பற்றரியின் இணைப்பை மூடுவதும்தான் அதன் வேலை, ஆகவே சிறு மின்சாரமே போதும். பல பிரியஸ்களில் அது டிக்கிப் பக்கம் இருக்கிறது, டிக்கிக் கதவோ மின்சாரத்தில் திறப்பது. வடிவமைத்தவர்களுக்கே இது உறைத்திருக்கவேண்டும், பொனற்றுக்குக் கீழே பியூஸ் பெட்டியில் இணைப்புக் கொடுக்க ஒரு முனை வைத்திருக்கிறார்கள்.

மாரி வெள்ளம் வந்தால் கதை வேறு. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. எஞ்சினுக்குள் காற்றோடு தண்ணீர் புகுந்தால், நீரை நசுக்க முடியாமல் உள்ளே இரும்புத் தண்டு வளையும். ஹைபிரிட்டில் ‘ரெடி’ எரிந்தால் எஞ்சின் தன்பாட்டில் விழித்துக்கொள்ளும், ஆகவே நின்றுபோன காரை முற்றாக அணைத்துவிட வேண்டும். பிறகு உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டுக் கயிறு கட்டத்தான் மனம் போகும். ஆனால் அக்வாவிலும் பிரியஸிலும் முன்சில்லுகள் நிரந்தரக் காந்தமுள்ள மோட்டாரோடு எப்போதும் கோக்கப்பட்டிருக்கின்றன. சில்லு சுழன்றால் மோட்டார் ஜெனரேற்றராகி, அணைத்துவைத்த காருக்குள்ளும் மின்சாரம் பிறக்கும். ஆகவே முன்சில்லுகளைத் தூக்கி இழுக்கவேண்டும், அல்லது கெரியர் லொறியில் ஏற்றவேண்டும். வெள்ளத்தை விட்டு ஒதுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கயிறு. அதுவும் சிறு தூரம், 30 கிலோமீற்றர் வேகத்துக்குள், நியூட்ரலில். ஸ்டியரிங் பூட்டு விடுபட்டிருக்கவேண்டும், பிரேக்கில் வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்கத் தயாராக இருக்கவேண்டும்.

கயிற்றைப் பம்பருக்குக் கீழே கிடைத்த கம்பியில் கட்டக்கூடாது. பம்பரிலுள்ள சிறு மூடியைக் கிளப்பினால் மரையுள்ள துளை தெரியும், அதில் திருகும் இரும்புக் கொளுக்கி டிக்கியில் ஜக்கோடு இருக்கும். கைமாறி வந்த கார்களில் பெரும்பாலும் தொலைந்திருப்பது அந்தக் கொளுக்கிதான். கார்த்திகை மழைக்கு முன் ஒருமுறை டிக்கியைக் கிளறிப் பாருங்கள், இல்லையென்றால் உதிரிப்பாகக் கடையில் அந்த மாதிரிக்கே உரியதைக் கேட்டு வாங்குங்கள். மரை மாதிரிக்கு மாதிரி மாறும்.