எடைக்குப் போகிறது பழைய கம்ப்யூட்டர்! டப்பாவுக்குள் தூங்குது கடைக் கணக்கு!

சென்னை:

ஆயுத பூஜை வந்தால் போதும். கடைகளில் ஒட்டடை அடிக்கிறார்கள். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் வெளியே வருகிறது.

"பழைய இரும்பு... பேப்பர்..." என்று தெருவில் குரல் கேட்கிறது. கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்து விடுகிறார்கள். டீ, போண்டா செலவுக்கு ஆச்சு என்று முதலாளிக்கும் திருப்தி.

ஆனால் டப்பாவோடு சேர்ந்து போனது என்ன? பத்து வருஷக் கணக்கு! பாக்கிக்காரர் பட்டியல்! வாடிக்கையாளர்களின் போன் நம்பர்! ஆதார், பான் அட்டை நகல்!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகத் தந்து வந்த பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நின்று போனது. புது விண்டோஸ் ஏறாத பழைய பெட்டிகள் ஏராளம். அவை எங்கே போகும்? காயலான் கடைக்குத்தான்.

டெலிட் செய்தால் போச்சா?

"அதான் எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டோமே!" என்பவர்கள் உண்டு. கோளாறே அங்கேதான்.

டெலிட் அமுக்கினால் பதிவேட்டில் பெயர் மட்டும்தான் அடிபடும். பேரேட்டின் முதல் பக்க அட்டவணையைக் கிழித்து விட்டு, உள்பக்கங்களை அப்படியே விட்ட மாதிரி! அதே இடத்தில் வேறு எழுத்து விழும் வரை பழைய எழுத்து கிடக்கும். அவசரத்துக்குச் செய்யும் 'குயிக் பார்மட்'டும் இதே கதைதான். அதை மீட்டுத் தரும் சாப்ட்வேர் ஓசியிலேயே கிடைக்கிறது.

அமெரிக்காவில் அம்பலம்

சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் என்ற 2 எம்.ஐ.டி. மாணவர்கள் பழைய ஹார்டு டிஸ்க் 158 வாங்கிச் சோதித்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. ஓடிய டிஸ்க் 129. அவற்றில் கிடைத்த கிரெடிட் கார்டு எண்கள் 5 ஆயிரத்துக்கும் மேல்! வைத்தியக் கடிதம் இருந்தது. காதல் கடிதமும் இருந்தது. ஒரு டிஸ்க் இல்லினாய்ஸ் மாநிலத்து ஏ.டி.எம். எந்திரத்தில் இருந்ததாம். ஒரு வருஷப் பணப் பட்டுவாடா அதில் அப்படியே!

பாங்கிக்காரர் கதையே இப்படி என்றால் மளிகைக் கடை எம்மாத்திரம்?

4 திருகாணி வேலை

வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவர். முதலில் பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். பக்கத்து மூடியைக் கழற்றினால், சின்ன நோட்டுப் புத்தகம் அளவில் கனமான உலோகப் பெட்டி ஒன்று தெரியும். அதுதான் ஹார்டு டிஸ்க். 2 ஒயர், பெரும்பாலும் 4 திருகாணி. கையோடு வந்து விடும்.

அதை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, தேவையான கணக்கைப் பிரதி எடுத்துக் கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கை, அந்த வருடாந்திரப் படிவத்தின் கெடு தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். பிறகு 'குயிக்' என்ற டிக்கை எடுத்து விட்டு முழு பார்மட் போட்டால், டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதப்படும். மணிக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

ஓடாத டிஸ்க்கா? டிரில்லிங் மெஷினால் உள்ளே இருக்கும் வட்டத் தட்டைத் துளைத்து விடலாம். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தால் தேய்த்தால் ஒன்றும் ஆகாது.

பிளாப்பி டிரைவ், போன் லைன் மோடம் கார்டு இதெல்லாம் வெறும் சுமை. போனால் போகட்டும். ஆனால் சி.டி. டிரைவுக்குள் ஏதாவது மாட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முன்பக்கத்தில் இருக்கும் பொடி ஓட்டையில் பேப்பர் கிளிப்பை நீட்டிக் குத்தினால், கரண்ட் இல்லாமலே தட்டு வெளியே வரும்.

கை வைக்கக் கூடாதது பவர் சப்ளை பெட்டி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும். போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

புகையும் ஆசிட்டும்

மிச்சப் பெட்டி? அங்கேயும் வில்லங்கம் உண்டு. செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். போர்டில் பூசிய துளித் தங்கத்துக்காக ஆசிட்டில் முக்குகிறார்கள். பழைய போர்டுகளில் பற்று வைத்தது ஈயம் கலந்த கலவை. புகையைச் சுவாசிப்பது அந்தக் கூலித் தொழிலாளிதான்.

2023 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இந்தச் சரக்கை உடைத்துப் பிரிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குத்தான் அனுமதி. அவர்கள் பட்டியல் வாரியத்திடம் இருக்கிறது. ரசீதும் கேட்டு வாங்கலாம். டிஸ்க் இல்லாத பெட்டி என்றால் விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள். போண்டா மட்டும் கட்!