'முதல்' என்னும் சொல்லும் ஆங்கில முன்னிடைச் சொற்களும்

ஆங்கிலத்தில், முன்னர்த் தொடங்கி இன்றுவரை நீளும் செயலைக் கூறும் நிறைவுத் தொடர்காலத்தோடு, தொடக்க எல்லை சுட்டச் 'சின்ஸ்' என்பதும் கால நீட்சி சுட்ட 'ஃபார்' என்பதும் வரும். இவ்வேறுபாடு தமிழில் இல்லை என்பார் உளர், அது பொருந்தாது. 'திங்கட்கிழமை முதல் படிக்கின்றேன்', 'மூன்று ஆண்டுகளாகப் படிக்கின்றேன்' என்னுமிடத்து, 'முதல்' எல்லையையும் 'ஆக' நீட்சியையும் தெளிவாகப் பிரித்துணர்த்துகின்றன.

இடர்ப்பாடு வேறிடத்தது. 'நேற்று முதல் படிக்கின்றேன்', 'நாளை முதல் படிப்பேன்' என ஈரிடத்தும் தமிழ் 'முதல்' ஒன்றையே ஆளும். ஆங்கிலமோ முன்னதற்குச் 'சின்ஸ்' என்றும் பின்னதற்கு 'ஃப்ரம்' என்றும் வேறுபடுத்தும். 'அதன் பின்னர்' எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லினின்று வந்ததாதலின், 'சின்ஸ்' கழிந்துபோன எல்லையையே வேண்டி நிற்கும்.

வினையிலும் ஒரு பொறி உண்டு. தமிழுக்கு இங்கு நிகழ்கால முற்றே போதும். அதனை அவ்வாறே பெயர்க்கும் மாணாக்கர் 'ஹாவ் பீன்' என்பதை விட்டுவிடுவர். முன்னிடைச் சொல் செவ்விதாயினும் தொடர் பிழைபடும்.