ஆற்றடி உயிரிகளும் நீர் மாசும்: பெங்களூரு விருஷபாவதி ஆற்றை முன்வைத்து

முன்னுரை

ஓர் ஆற்றின் தூய்மையை அறிய நீரை முகந்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது வழக்கம். எனினும் அச்சோதனை முகந்த நேரத்து நிலையையே காட்டும். இரவில் திறந்துவிடப்பட்ட ஆலைக்கழிவு விடியுமுன் கடந்து சென்றிருப்பின், காலையில் எடுத்த நீர் அதனைக் காட்டாது. ஆற்றின் அடியில் கல்லையும் சேற்றையும் பற்றி வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களோ அவ்விடத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை. அவற்றுட் பல, திங்கட்கணக்கில் அங்கேயே வாழ்வதால், இடையில் நேர்ந்த கேட்டிற்கு அவை சான்றாகின்றன.

உயிரிகளின் தாங்குதிறன்

கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. கல் ஈக்களின் இளவுயிரிகளும் மே ஈக்களின் இளவுயிரிகளுட் பலவும் இக்குறைவைத் தாங்குவதில்லை. முதலில் மறைவன இவையே. டியூபிஃபெக்ஸ் புழுக்களும் கைரோனோமஸ் ஈயின் செந்நிறப் புழுக்களும் ஹீமோகுளோபின் பெற்றிருத்தலால், உயிர்வளி அருகிய சேற்றிலும் செழிக்கின்றன. ஆகவே மாசு மிகும்போது வகைகள் குறைந்து, எஞ்சிய ஓரிரு வகைகளின் எண்ணிக்கை பெருகும். உயிர்கள் மிகுந்திருத்தல் தூய்மைக்குச் சான்றாகாது; பல வகையாக இருத்தலே சான்றாகும்.

அளவிடும் முறை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த உயிரியல் நீர்த்தர முறை இரு அளவுகளைக் கொண்டது. முதலாவது, ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதன் தாங்குதிறனுக்கேற்ப 1 முதல் 10 வரை மதிப்பளித்துச் சராசரி காண்பது. மாசைத் தாங்காதவை உயர்மதிப்புப் பெறும். இரண்டாவது, உயிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தையதனோடு ஒப்பிடுவது. வேறுபடுந்தோறும் புதிய தொடர் தொடங்கும். தொடர்களின் எண்ணிக்கையை உயிரிகளின் தொகையால் வகுத்தால் பல்வகைமை மதிப்பு கிட்டும். 40 உயிரிகளில் 20 தொடர்கள் அமையின் மதிப்பு 0.5, அனைத்தும் ஒரே வகையாயின் 0.025 மட்டுமே.

விருஷபாவதியின் நிலை

பெங்களூருவில் தோன்றும் விருஷபாவதி, கெங்கேரி வழியே பைரமங்கல ஏரியை அடைந்து, பின்னர் அர்க்காவதியிற் கலக்கிறது. அர்க்காவதி காவிரியைச் சேர்கிறது. நகரின் சாக்கடை நீரும் ஆலைக்கழிவும் சுமந்த இந்நீர் பைரமங்கலப் பகுதியில் பாசனத்திற்கும் பயன்பட்டு வந்துள்ளது. எனவே இதன் தரம் நகரோடு முடியும் செய்தியன்று.

எனினும் இங்குக் கணிப்பதில் கவனம் வேண்டும். கற்காரைக் கரையிட்ட பகுதியில் உயிரிகள் இல்லாமைக்கு, பற்றி வாழ இடமின்மையும் காரணமாகலாம். பருவமழை வெள்ளமும் அவற்றை அடித்துச் செல்லும். ஆதலின் ஒத்த அடித்தளமுடைய தூய ஓடையொன்றுடன், ஒரே பருவத்தில் ஒப்பிடுதலே முறை.

முடிவுரை

உயிரிகள் கேடு நேர்ந்ததை உணர்த்தும். கேடு விளைத்த பொருளை வேதியியற் சோதனையே பெயர் சுட்டும். இரண்டும் இணைதல் வேண்டும். வலை, வெண்தட்டு, உருப்பெருக்கி ஆகியவையே முதற்கட்ட ஆய்விற்குப் போதுமாதலின், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் உழவரும் மாணவரும் பயிற்சி பெற்றுத் தம் நீரைத் தாமே கண்காணிக்க இயலும்.