சரியா, ரத்தா?

உம்மா கைபேசியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுத அரைமணி நேரம் சென்றது. முடியும் தறுவாயில் விரல் தவறி எங்கோ பட்டுவிட, ஒரு சிறிய பெட்டி முன்னே வந்து நின்றது: "விண்ணப்பத்தை ரத்துச் செய்யவா?" அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று "சரி", மற்றது "ரத்துசெய்". உம்மா "சரி"யை அமர்த்தினார். எழுதியதெல்லாம் அழிந்துபோயிற்று.

"சரி எண்டுதானே மகள் கிடந்திச்சி" என்றார் உம்மா.

பிழை உம்மாவுடையதல்ல. விண்ணப்பத்தை வைத்திருக்க விரும்பும் ஒருவர் அந்த இரண்டில் எதை அமர்த்துவார்? "ரத்துசெய்" என்பது விண்ணப்பத்தை ரத்துச் செய்வதா, கேள்வியை ரத்துச் செய்வதா? கேள்வியை எழுதியவர் விடையை எழுதாமல் விட்டுவிட்டார். ஏன் அப்படி விட்டார் என்பதைத் தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதை உருவாக்கினார். இம்மொழியில் "கன்ஃபர்ம்" என்ற கட்டளையை ஒரு வரியில் எழுதினால் மேலே சொன்ன பெட்டி தோன்றும். அதில் கேள்வியை மட்டுமே நாம் எழுதலாம். பொத்தான்களின் பெயர்களை உலாவி தானே வைத்துக்கொள்ளும். உலாவி தமிழில் இருந்தால் பொத்தானும் தமிழில் வரும்; ஆங்கிலத்தில் இருந்தால் நமது தமிழ்க் கேள்விக்குக் கீழே "ஓகே", "கேன்சல்" என்று வரும்.

இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. இணையப் பக்கத்தை யாரும் எழுதலாம், ஏமாற்றுக்காரரும் எழுதலாம். பக்கத்தை விட்டு வெளியேறும்போது தோன்றும் எச்சரிக்கையில் சிலர் பொய்யான வாசகங்களை எழுதிப் பயமுறுத்தியதால், 2016இல் குரோம் உலாவி அவ்வசதியையே நீக்கிவிட்டது.

விண்டோஸ் கணினிகளில் பயன்பட்ட விபிஸ்கிரிப்ட் மொழி சற்றுத் தாராளமானது. அதன் செய்திப் பெட்டியில் எண்களைக் கூட்டிப் பொத்தான்களைத் தெரிவுசெய்யலாம். "ஆம்", "இல்லை" வேண்டுமானால் 4; கேள்விக்குறிப் படம் வேண்டுமானால் 32; இரண்டாவது பொத்தான் முன்தெரிவாக இருக்க 256. மூன்றையும் கூட்டினால் 292. "ஆம்" அமர்த்தப்பட்டால் 6 என்றும் "இல்லை" அமர்த்தப்பட்டால் 7 என்றும் விடை திரும்பி வரும். ஆனால் இங்கும் தயாராக உள்ள பெயர்களில்தான் தெரிவு; நமது சொல்லை எழுத இடமில்லை.

"ஓகே" என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கியபோது, "செய்" எனப் பொருள்படும் "டூ இட்" என்ற சொற்களையே முதலில் பொத்தானில் எழுதியிருந்தார்கள். பரிசோதனையில் ஒருவர் அதை "டோல்ட்", அதாவது மடையன், என்று வாசித்துவிட்டு, கணினி தன்னை ஏன் ஏசுகிறது என்று கோபித்துக்கொண்டாராம். அதன் பிறகே "ஓகே" வந்தது. இரண்டு எழுத்து ஒட்டித் தெரிந்ததால் பொருளே மாறிவிட்டது!

அப்படியானால் நமது சொல்லைப் பொத்தானில் எழுத வழி இல்லையா? இருக்கிறது. இணையப் பக்க மொழியில் "டயலொக்" என்றொரு உறுப்பு உண்டு. 2022 மார்ச் முதல் முக்கிய உலாவிகள் எல்லாம் அதை ஏற்கின்றன. அதற்குள் கேள்வியையும் நாம் விரும்பும் பொத்தான்களையும் நாமே எழுதலாம். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களுக்கு ஓடர் எடுக்கும் பக்கம் ஒன்றை நாம் செய்வதாக வைத்துக்கொள்வோம். "இந்த ஓடரை நீக்கவா?" என்பது கேள்வி. பொத்தான்கள்: "ஓடரை நீக்கு", "ஓடரை வைத்திரு". இனிக் கேள்வியை வாசிக்காதவருக்கும் பொத்தானே விடை சொல்லும்.

இதில் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, "கன்ஃபர்ம்" பெட்டி விடை வரும்வரை நிரலை நிறுத்தி வைக்கும், "டயலொக்" நிறுத்தாது. எனவே நீக்கும் கட்டளையைப் பெட்டியைத் திறக்கும் வரிக்கு அடுத்து எழுதினால், விடைக்கு முன்பே ஓடர் நீங்கிவிடும். பெட்டி மூடப்படும் நிகழ்வுக்குள்தான் அதை எழுத வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு மதிப்புக் கொடுக்கிறோம். "நீக்கு" என்ற மதிப்பு வந்தால் மட்டுமே நீக்க வேண்டும். வேறு எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும், ஓடர் இருக்கட்டும்.

மூன்றாவது, பெட்டி தனது பழைய விடையை மறப்பதில்லை. முன்பு ஒருமுறை "நீக்கு" அமர்த்தப்பட்டிருந்தால், அடுத்தமுறை எஸ்கேப் விசையால் மூடினாலும் அதே விடை நிற்கும். ஆகவே திறக்கும் ஒவ்வொரு முறையும் விடையை வெறுமையாக்க வேண்டும்.

நான்காவது, முன்தெரிவு எப்போதும் சேதம் இல்லாத பொத்தானில் இருக்கட்டும். அவசரத்தில் என்டர் விசையை அமர்த்துபவருக்கு அது காவல்.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. ஆனால் சட்டத்தில் உள்ள மொழி உம்மாவின் விரல் நுனிவரை வந்து சேர வேண்டுமானால், பொத்தானில் எழுதும் ஒரு சொல்லையும் யாரோ யோசித்து எழுத வேண்டும். தமிழ் என்பதற்காக "சரி", "ரத்துசெய்" என்று மொழிபெயர்த்து வைத்தால் போதாது. அமர்த்தினால் என்ன நடக்கும் என்பதை அச்சொல் சொல்ல வேண்டும்.

கணினி கற்கும் தோழியரே, நாளை இப்பெட்டிகளை எழுதப்போகிறவர்கள் நம்மில் சிலர். எழுதி முடித்ததும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, "இதை அமர்த்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் சொல்லை மாற்றுங்கள். உம்மா அன்றிரவே விண்ணப்பத்தை மீண்டும் முதலிலிருந்து நிரப்பினார். இம்முறை நான் பக்கத்தில் இருந்தேன். எல்லா உம்மாமாருக்கும் பக்கத்தில் ஒரு மகள் இருப்பதில்லை.