கிணற்று வாய்க்கு நாகம் பூசிய கிராதி

(வானொலி உரை)



உங்கள் நிலத்தில் திறந்து கிடக்கிற குழிகளை ஒரு தரம் மனசிலே எண்ணிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு, மோட்டார் பக்கத்துத் தரைத்தொட்டி, பாதைக்குக் குறுக்கே போகிற வாய்க்கால், சாண எரிவாயுக் கலனின் கழிவுக் குழி. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும், விளையாடுகிற குழந்தைக்கும், மேய்கிற மாட்டுக்கும் இவை ஒவ்வொன்றும் ஆபத்து. பலகை போட்டு மூடினால் மழையில் நனைந்து நனைந்து உளுத்துப் போகும். வெறும் இரும்புக் கம்பி போட்டால் துருப்பிடித்து இளைத்துவிடும். மூடிதான் இருக்கிறதே என்று நம்பிக் கால் வைக்கிற அன்றைக்கு ஒடியும். ஆகவே நாகம் பூசிய இரும்புக் கிராதியைப் பற்றி இன்று பேசலாம். கடையில் இதை ஜி.ஐ. கிரேட்டிங் என்பார்கள்.

நாகம் என்பது துத்தநாகம். நெல்லுக்கு ஏக்கருக்குப் 10 கிலோ சிங்க் சல்பேட் போடுகிறோமே, அதிலே இருக்கிற அதே உலோகம்தான். ராஜஸ்தானில் உதயப்பூர் அருகே ஜாவர் சுரங்கங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் காய்ச்சி வடித்திருக்கிறார்கள். இரும்பை உருகிய நாகத்தில் முக்கிப் பூசுகிற முறைக்கு சோரெல் என்பவர் 1837-இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார்.

"பெயின்ட் அடிச்சாப் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. காரணத்தைச் சொல்கிறேன். போர்டோ கலவை தயாரிக்கும்போது பளபளப்பான கத்தியை விட்டுப் பார்க்கிறோம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தம். அங்கே இரும்பு கரைகிறது, அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது. செம்பைவிட இரும்பு சீக்கிரம் கரையும். இரும்பைவிடச் சீக்கிரம் கரைவது நாகம். ஈரத்தில் இரண்டும் ஒட்டி இருந்தால் நாகம் முன்னே போய்த் தான் கரைந்துகொண்டு இரும்பைக் காப்பாற்றும். பருத்தியைச் சுற்றி ஆமணக்கு போட்டால் புழு ஆமணக்குக்குப் போகிறதல்லவா, அதுபோலத்தான். பெயின்டில் கீறல் விழுந்தால் துரு உள்ளே புகுந்து பரவும். நாகப் பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள நாகம் அந்த இடத்துக்குக் காவல் நிற்கும்.

இனி, செய்கிற விதம். இரும்புப் பட்டைகளை வரிசையாக, படுக்க வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்துவார்கள். குறுக்கே முறுக்கிய சதுரக் கம்பிகளை வைத்து, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி, அழுத்தி ஒட்டவைப்பார்கள். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, துருவை அமிலத்தில் கழுவுவார்கள். அடுத்து நவச்சாரமும் நாகக் குளோரைடும் சேர்ந்த கரைசலில் முக்குவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டுத் துடைப்பதும் இதற்காகத்தான். அப்போதுதான் பூச்சு பிடிக்கும். கடைசியில் சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகி நிற்கிற நாகத் தொட்டியில் சில நிமிஷம் முழுக்கி எடுப்பார்கள். நாகம் இரும்போடு கலந்து, பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். கனமான இரும்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம் நாகம் ஏற வேண்டும்.

இப்போது சொல்வதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். கிராதியில் பாரம் தாங்குவது நிமிர்ந்து நிற்கிற பட்டைகள் மட்டுமே. முறுக்குக் கம்பி அவற்றைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறதே தவிர, பாரம் தாங்காது. பனஞ்சட்டத்தைக் கூரைக்கு நிமிர்த்தி வைக்கிறோம், படுக்க வைத்தால் தொய்யும் என்று நமக்குத் தெரியும். அதே கணக்குதான். பட்டையின் உயரம் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும். கனம் இரண்டு மடங்கானால் பலம் இரண்டு மடங்குதான். ஆகவே பட்டைகள் வாய்க்காலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும்படி வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் எவ்வளவு விலை கொடுத்த கிராதியும் ஆளை உள்ளே தள்ளிவிடும். இரண்டு முனையும் ஒன்றரை அங்குலமாவது கட்டுமானத்தின் மேல் உட்கார வேண்டும். கிளிப்பும் போல்ட்டும் போட்டு இறுக்குங்கள். இறுக்காத கிராதி நாளடைவில் நகர்ந்து, ஒரு முனை நழுவிவிடும்.

இரண்டடி வாய்க்காலுக்கு, ஆள் நடக்க 25 மில்லிமீட்டர் உயரமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை போதும். மாடு நடக்குமானால் 32-க்கு 5 பட்டை வேண்டும். டிராக்டர் ஏறுவதாக இருந்தால் பாரத் தாங்கு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கிணற்று வாய்க்குக் கிராதி மட்டும் போதாது. அடியில் இரும்பு உத்தரம் வேண்டும், பொறியாளரைக் கேட்டுப் போடுங்கள். ஆட்டுக்குட்டி போகிற இடமானால் அதன் கால் நுழையாத சந்தாகப் பாருங்கள்.

வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து நாகப் பூச்சு என்று விற்பவர்களும் உண்டு. சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் செதில் செதிலாக உரியும், தின்னர் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டிய துண்டு கிடைத்தால் ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் ஒவ்வொரு நிமிஷமாக முக்கிப் பார்ப்பார்கள். நாகம் உள்ளவரை கறுப்புத் தூள் படியும், கழுவினால் போய்விடும். நாகம் தீர்ந்த இடத்தில் செம்பு பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும்.

அளவுக்கு வெட்டுவது, துளை போடுவது எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் நாகம் எரிந்து போகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். தவிர்க்க முடியாவிட்டால் காற்றோட்டமான இடத்தில் செய்து, துத்தநாகத் தூள் கலந்த பெயின்டை அங்கே பூசுங்கள்.

அமிலமும் உப்பும் நாகத்துக்குப் பகை. உர மூட்டையைக் கிராதி மேல் அடுக்காதீர்கள். மயில்துத்தம் தெளித்த கருவியை அதன்மேல் கழுவாதீர்கள். சாணமும் மூத்திரமும் தேங்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உள்நாட்டு ஊர்களில் நல்ல பூச்சு பல பத்தாண்டு உழைக்கும். கடலோரத்தில் ஆயுள் குறையும். வெள்ளைப் பொடி பூத்தால் கழுவிக் காயவிட்டால் போதும். சிவப்புத் துரு கண்டால் நாகம் தீர்ந்துவிட்டது என்று அறிந்து, உடனே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குக் கிராதி கூடாது. அதை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி இருந்தும் 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையை இழந்தோம். இன்னொன்று: கிராதி வழியே காற்று போகிறதே என்று நினைத்து, கிணற்றிலோ கழிவுக் குழியிலோ தனியாக இறங்கிவிடாதீர்கள். நச்சுவாயு அடியில் தங்கியிருக்கலாம்.

இந்த வாரம் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மூடாத குழி எத்தனை என்று எண்ணுங்கள். பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் உள்ளதை முதலில் மூடுங்கள்.